ஆள் வருது

டவுன் பஸ்ஸில் ஒரு தடவையாவது ஏறியவர்களுக்கு அந்த இரண்டு வார்த்தை தெரிந்திருக்கும். பக்கத்தில் இடம் காலியாக இருக்கும். ஒருவர் வந்து உட்காரப் பார்ப்பார். ஜன்னலோரத்து ஆசாமி மூஞ்சியைத் திருப்பாமலே, "ஆள் வருதுங்க" என்பார். ஆள் வராது. பஸ் கிளம்பி நிறுத்தங்களைத் தாண்டிப் போகும். அந்த சீட்டில் ஒரு மஞ்சப்பை மட்டும் மகாராஜா மாதிரி உட்கார்ந்து வரும். நின்றுகொண்டு வருகிறவரும் "எங்க உங்க ஆளு?" என்று கேட்க மாட்டார். கேட்டால் மரியாதைக் குறைவு. எங்கள் கோயமுத்தூரில் மரியாதை கொஞ்சம் ஜாஸ்தி. திருடனைத் துரத்தும்போதுகூட "ஏனுங்க, நில்லுங்க" என்றுதான் துரத்துவோம்.

அந்த இரண்டு வார்த்தையை ஒரு பொத்தானாக்கி ஊர் முழுக்கப் பொருத்தியவள் நான். என் பெயர் தேன்மொழி. தேன் பெயரில் மட்டும்தான். நகர்க்கலக் கழகத்தில் தலைமைத் திட்டமிடுநர் என்று அறைக்கு வெளியே பலகை தொங்குகிறது.

நகர்க்கலம் என்பது அரசாங்கம் வைத்த பெயர். ஊர் வைத்த பெயர் டப்பா. தெருவுக்கு மேலே மெல்லிய தண்டவாளத்தில் ஓடுகிற கண்ணாடிப் பெட்டி அது. மூன்று பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம். ஓட்டுநர் கிடையாது. போகிற இடத்தைக் கைபேசியில் சொன்னால் போதும், பக்கத்து நிறுத்தத்துக்கு வந்து ஏற்றிக்கொள்ளும். எந்த டப்பா எங்கே நிற்க வேண்டும், யாரை ஏற்ற வேண்டும் என்பதையெல்லாம் எங்கள் அலுவலகத்து இயந்திர மூளை ஒன்று முடிவு செய்கிறது. சொந்தக் கார் ஓட்டத் தடை வந்து பல வருடமாகிவிட்டது. பெட்ரோல் பங்குகள் பேக்கரிகளாகிவிட்டன. அவிநாசி ரோட்டில் பிள்ளைகள் சைக்கிள் பழகுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். நான் தலைகால் புரியாத பெருமையோடு சுற்றிக்காட்டுவேன்.

கார் சும்மா போய்விடவில்லை. வார்டு வார்டாகக் கூட்டம் போட்டோம். "கண்டவங்களோட எப்படிங்க உக்காந்து போறது?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நாங்கள்தான் மரியாதைக்காரர்கள் ஆயிற்றே! கேட்ட விதமே வேறு. "ஒறம்பரையோட கல்யாணத்துக்குப் போறோம்னு வைங்க. நாங்க ஒரு ஸ்டாப்புல ஏறுறோம், பெரியப்பா அடுத்த ஸ்டாப்புல ஏறுறாரு. சேந்து உக்கார முடியாதுங்களா?" நியாயமான கேள்வி. கார் என்றால் சொந்தக்காரர்கள் மட்டும் சேர்ந்து போகலாம் அல்லவா? சரியென்று ஒவ்வொரு இருக்கையின் கைப்பிடியிலும் ஒரு பொத்தான் வைத்தேன். 'ஆள் வருது' என்று அதில் எழுதியும் வைத்தேன். அமுக்கினால் பக்கத்து இருக்கையில் சிவப்பு விளக்கு எரியும். கொஞ்ச தூரம்வரை அந்த இருக்கையை வேறு யாருக்கும் ஒதுக்காது. யார் வருகிறார்கள், ஏன் வரவில்லை என்று எந்தக் கேள்வியும் கேட்காது. அடுத்த கூட்டத்தில் கைதட்டினார்கள். அந்த ஒரு பொத்தானுக்காகத்தான் ஊர் காரை விட்டது என்று எங்கள் எம்.டி. இன்றைக்கும் சொல்வார்.

போன வியாழக்கிழமை காலையில் என் அறை வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். வயது இருபதைத் தாண்டியிருந்தால் அதிகம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. துப்பட்டாவை நெஞ்சின்மேல் இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கால் முழுக்கப் புழுதி.

"மேடம், எங்களுக்கு டப்பா நிக்க மாட்டீங்குதுங்க."

"பழுதுன்னா கீழ புகார்ப் பிரிவுல சொல்லணும்மா."

"பழுதெல்லாம் இல்லீங்க. நல்லாத்தான் ஓடுது. எங்க ஸ்டாப்பத் தாண்டி ஓடுது."

அவள் பெயர் இலக்கியா. குளத்துமேட்டு அடுக்ககத்தில் இருக்கிறாள். நகரத்தின் கடைசி விளிம்பு அது; உழவர் சந்தையிலிருந்து வருகிற தண்டவாளம் அதைச் சுற்றிக்கொண்டுதான் நகரத்துக்குள் திரும்பும். தண்டவாளத் தூண் நடுவதற்காகக் குளக்கரையிலிருந்து கிளப்பிய குடும்பங்களை அங்கேதான் கொண்டுபோய் வைத்தோம். அவளுக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்து, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது.

"மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா பால் குடுக்கோணுங்க. இந்தப் புள்ளைக்குத் தாய்ப்பால்தான் மருந்துன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. பீச்சி வெச்சுட்டு வந்தாலும் பத்த மாட்டீங்குது, புள்ள பக்கத்துல இருந்தாத்தான் ஊறுது. நேத்தைக்கும் தவறிப்போச்சு, இன்னைக்குக் காத்தாலயும் தவறிப்போச்சுங்க. எடை எறங்கிட்டே வருதாம். இப்படியே போனா..."

"ஆஸ்பத்திரியிலயே தாய்மார்கள் தங்கற வார்டு இருக்குமே?"

"அத மூடிட்டாங்களாமுங்க. ஊருல எங்கிருந்தாலும் இருவது நிமிசத்துல வந்தர்லாமே, எதுக்கு வார்டுன்னு."

அந்த இருபது நிமிடம் என்னுடையது. நான் எழுதிய அறிக்கையில் தடித்த எழுத்தில் இருக்கும் வாக்கியம் அது. அதைக் காட்டித்தான் ஊரில் எத்தனையோ விஷயங்களை மூடினார்கள். இருந்தாலும் என் வாய் அடங்கவில்லை. "சராசரியாப் பாத்தா நாலு நிமிஷத்துல டப்பா வந்துருதேம்மா" என்றேன்.

"அது யாருக்குங்க மேடம்?" என்று கேட்டாள். எதிர்த்துப் பேசவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

என் அதிகாரி அட்டையை நீட்டினால் எந்த டப்பாவும் கட்டாயம் நிற்க வேண்டும். அலுவலகத்து நிறுத்தத்தில் ஒன்றை நிறுத்தி, அவளை ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போனேன். துப்பட்டாவையும் மீறி அவள் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. பாலும் வியர்வையும் கலந்த வாடை. உள்ளே இருந்தவர்கள் அமுக்க அமுக்க, காலி இருக்கைகளில் ஒவ்வொன்றாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. நானும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் அதைக் கவனித்தாளா, தெரியாது. நான் கவனித்தேன்.

திரும்பி வந்ததும் ஷபீக்கின் மேஜைக்குப் போனேன். இயந்திர மூளையைப் பராமரிக்கிற இளைஞர். அதிர்ந்து பேசமாட்டார்.

"ஷபீக், குளத்துமேட்டுல எவ்வளவு நேரம் காக்க வேண்டியிருக்குன்னு தனியா எடுங்க. ஊரோட சேத்துச் சராசரி போட வேண்டாம்."

எடுத்தார். திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "சில நாள் ஒண்ணரை மணி நேரம், மேடம்."

"என்னங்க இது! மூளை கெட்டுப்போச்சா?"

"கெடல மேடம். நாம சொல்லிக்குடுத்ததைத்தான் செய்யுது. காலி சீட்டோட டப்பா ஓடக்கூடாதுன்னு சொல்லியிருந்தோம். 'ஆள் வருது'ன்னு அமுக்குனா சீட் காலியாத்தான் போகுது, ஆள் வர்றதே இல்ல. அதனால எங்க, எப்ப அமுக்கறாங்கன்னு அது கவனிக்க ஆரம்பிச்சிருக்கு. 'அடுத்து குளத்துமேடு'ன்னு திரையில வந்தாப் போதும், உள்ள இருக்கறவங்க அத்தனை பேரும் அமுக்கறாங்க. அங்க ஒருத்தரை ஏத்தப் போனா மூணு சீட் வீணாகுது. ஏத்தாமப் போனா ஒண்ணுமே வீணாகல. கணக்குப் போட்டுருச்சு."

"சாதி, மதம், வசதி எதையுமே நாம அதுக்குச் சொல்லலையே ஷபீக். அவ்வளவு ஜாக்கிரதையா இருந்தோமே!"

"நாம சொல்லல மேடம். ஊரு சொல்லியிருக்கு. தெனமும்."

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் நாலு நிமிடச் சராசரியில் ஒரு ஊரையே மறைத்து வைத்திருந்தேன். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"கணக்கா இன்னைக்குத்தான் தெரியும்" என்றார். கொஞ்சம் தயங்கினார். "எங்க ஸ்டாப் பேரப் பாத்தாலும் அமுக்கறாங்க மேடம். நான் ஆபீசுக்கு நடந்துதான் வர்றேன். உடம்புக்கு நல்லதுன்னு போன வருஷம் மீட்டிங்ல என்னையக் கைதட்டிப் பாராட்டுனீங்க."

பாராட்டினேன். எல்லோரையும் ஷபீக்கைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னேன். அவரும் எழுந்து நின்று நன்றி சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நேராக எம்.டி. அறைக்குப் போனேன். ராஜமாணிக்கம் என்று பெயர். மாட்டேன் என்பதைக்கூட இனிப்புக் கொடுத்துவிட்டுச் சொல்கிற மனிதர். நான் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

"அந்தப் பொத்தானை எடுத்துரலாம் சார்" என்றேன்.

"எடுத்துரலாமுங்க. அடுத்த நாளே கார் வேணும்னு ஊர்வலம் வரும். கார் வந்தா அந்தக் குளத்துமேட்டுக்காரங்களுக்கு என்ன லாபம்? அவங்ககிட்டக் காரா இருக்குது? புகையை மட்டும் குடிக்கோணும்." அது பொய்யில்லை. அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது. "அடுத்த வாரம் ஏழெட்டு நாட்டு மேயருங்க நம்ம டப்பாவைப் பாக்க வர்றாங்க. இந்த நேரத்துல எதுக்குங்க? கமுக்கமா முடிச்சுரலாம். அந்தப் பொண்ணுக்குன்னு தனியா ஒரு டப்பா ஒதுக்கச் சொல்றேன். திங்கக்கிழமையில இருந்து ஓடட்டும். வேணும்னா குளத்துமேட்டுக்கே தனியா நாலு விட்டுரலாம். அவங்களும் சௌகரியமாப் போலாம், யாருக்கும் சங்கடமில்ல."

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது இதுதான். தனி டப்பா! டீக்கடையில் தனி டம்ளர் வைத்திருந்த காலத்தைப் பள்ளிக்கூடப் பாடத்தில் படித்தபோது, அந்தக் கடைக்காரர்களுக்கெல்லாம் மீசையும் முறைப்பும் இருந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். ராஜமாணிக்கம் மாதிரி சிரித்த முகமாக இருந்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. அதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்க வேண்டும். நான் "பாக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். குழந்தையின் எடை இறங்கிக்கொண்டிருக்கிறது, திங்கட்கிழமை ஒரு டப்பா கிடைக்கிறது, அதைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இலக்கியாவைக் கைபேசியில் அழைத்துத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். தனியாக ஒரு டப்பா, உனக்கு மட்டும், வேறு யாரும் ஏற மாட்டார்கள் என்று.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு சொன்னாள்: "குடுங்க மேடம். என்ற புள்ளைக்குப் பால் போய்ச் சேரட்டும். கேவலப்படறதெல்லாம் அப்புறமாப் பட்டுக்கறனுங்க."

"நாளைக்கு நான் வர்றேன்" என்றேன். வேறென்ன சொல்வது?

சாயங்காலம் வீட்டில் பூபதியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பூபதி என் கணவர். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் முதன்முதலில் காரை விற்றது அவர்தான்; விற்றுவிட்டு லட்டு கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், நான் சொன்னதைக் கேட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எவன்டா அவன், பச்ச ஒடம்புக்காரிக்கு எடம் விடாதவன்! மனுசனுங்களா இவங்கெல்லாம்? பொத்தானைப் புடுங்கி எறி தேனு. உன்ற எம்.டி. என்ன சொன்னாலும் கேக்காத."

"ஊரே காரைக் கேட்டா?"

"கேக்கட்டுமே! காலையில உழவர் சந்தைக்குத் தெனமும் டப்பாவுலதான் போறேன். பக்கத்துல ஒரு சீட்டு எப்பவும் சும்மாதான் கெடக்குது, காய்கறிப் பையை வெச்சுட்டு வர்றேன். அவ்வளவு எடம் இருக்குதே, ஒரு புள்ளைக்காரிய ஏத்தறதுக்கு என்ன கேடு?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டதற்கு அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் அவர் சந்தைக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே நான் குளத்துமேட்டுக்குப் போய்விட்டேன். ஊர்ப் பக்கத்திலிருந்து அங்கே போவது எளிது. நிறுத்தத்தில் இறங்குவதை யாரும் தடுப்பதில்லை.

அந்த நிறுத்தத்தைத் திறப்பு விழாவுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஒரு அம்மாள் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சோறு கட்டிய தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் காவல்காரர் உடுப்பில் உட்கார்ந்திருந்தார். காத்திருப்பதற்கென்றே ஒரு குடித்தனம் நடந்துகொண்டிருந்தது. என்னை யாரும் திட்டவில்லை. எனக்கும் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். "உக்காருங்கம்மா, இது இப்போதைக்கு வராது" என்றார் பெரியவர். திட்டியிருந்தால் தேவலை.

இலக்கியா வந்து என் பக்கத்தில் நின்றாள். கைபேசியில் பதிவு செய்தாள். டப்பா வந்தது, வேகம் குறையாமல் போனது. உள்ளே இரண்டு சிவப்பு விளக்கு. அடுத்ததும் போனது. அதற்கடுத்ததில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார், அதுவும் போனது. கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நான் அட்டையைக் கைப்பைக்குள்ளேயே வைத்திருந்தேன். பெரிய ஆராய்ச்சி! இலக்கியா தூண் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். ஏன் என்று பார்த்தேன். பால் கட்டி வலி தாங்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சட்டை மறுபடியும் நனைந்திருந்தது. நான் அட்டையை எடுத்து நீட்டினேன்.

சந்தைப் பக்கத்திலிருந்து வந்த டப்பா நின்றது. கதவு திறந்தது. உள்ளே ஐந்து பேர். ஆறாவது இருக்கையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதன்மேல் ஒரு துணிப்பை, பைக்குள்ளிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. விளக்கு ஒன்று போதாதென்று பையின்மேல் ஒரு துண்டு வேறு விரித்திருந்தது. அது நான் வாங்கிக் கொடுத்த துண்டு.

"ஆள் வருதுங்க" என்றார் பூபதி, கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல். குரலில் துளிக் கடுமை இல்லை. அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்.

"யாருங்க வர்றாங்க?" என்று கேட்டேன்.

தலை தூக்கினார். என்னைப் பார்த்தார், இலக்கியாவைப் பார்த்தார், அவள் நனைந்த சட்டையைப் பார்த்தார். மற்ற நான்கு பேரும் ஜன்னல் வழியாக எதையோ தீவிரமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"தேனு... நீ எப்படி இங்க..."

"யாரு வர்றாங்கன்னு கேட்டனுங்க."

அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். துண்டு இருக்கையிலேயே கிடந்தது. "உக்காரு சாமி" என்று இலக்கியாவின் தோளைப் பிடித்து உள்ளே விட்டேன். அவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. இடம் விட்டாரே என்று கைகூப்பி, "ரொம்ப நன்றிங்கய்யா" என்றாள்.

பூபதி சட்டென்று எழுந்து, பையோடு வெளியே இறங்கிவிட்டார். கதவு மூடிக்கொண்டது. டப்பா போனது.

நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். பின்னால் கீரை ஆய்கிற சத்தம்கூட நின்றிருந்தது.

"எதுக்கு எறங்குனீங்க?" என்றேன்.

"உனக்குத் தொணையா இருக்கலாம்னு."

"எதுக்கு எறங்குனீங்க?"

முருங்கைக்காயைப் பைக்குள் தள்ளித் தள்ளி விட்டார். அது மறுபடி மறுபடி வெளியே வந்தது. "தெரியல தேனு" என்றார் கடைசியில். "வெக்கத்துல எறங்குனனா, இல்ல அந்தப் புள்ள பக்கத்துல உக்கார முடியாம எறங்குனனா... சத்தியமா எனக்கே தெரியல. அந்தப் பொத்தானைத் தெனமும் அமுக்கறேன். இந்த ஸ்டாப் பேரு வந்தா கை தானாப் போகுது. நேத்தைக்கு நீ சொன்னப்பக்கூட அது நாந்தான்னு எனக்குத் தோணவே இல்ல."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன டப்பாவில் நான் நகர்ந்து உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

ஷபீக்கை அழைத்தேன். "பொத்தானை அணைச்சுருங்க. ஊர் முழுக்க. அத வெச்சு அது கத்துக்கிட்டதையும் அழிச்சுருங்க."

"எம்.டி. கேட்டா மேடம்?"

"நான் சொன்னேன்னு எழுதி வைங்க. வேலை போனா என்னோடது போகட்டும்."

"அணைக்கறது ஒரு நொடி வேலை மேடம்." அவர் தயங்கினார். "ஆனா பொத்தான் இல்லைன்னா வாயால சொல்லுவாங்க."

"சொல்லட்டும் ஷபீக். மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

சொல்லும்போது வீரமாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்ததும் அந்த வீரமும் வடிந்துவிட்டது. நாளைக்கே ஊர் காரைக் கேட்டுத் தெருவுக்கு வரலாம். வந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த டப்பா தூரத்தில் தெரிந்தது. அட்டையை யாரும் நீட்டவில்லை. அது தானாகவே வேகத்தைக் குறைத்து வந்து நின்றது. நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பெரியவர் தூக்குப்போசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கதவு திறந்தால், எங்கள் தெருவில் குடியிருக்கும் பங்கஜம் அக்கா. இரண்டு பக்கமும் இரண்டு பையை வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"அட, தேனு! பூபதி அண்ணனுமா? இங்க எதுக்குங்க நிக்கறீங்க?" கேட்டுக்கொண்டே இரண்டு பையையும் மடிக்கு எடுத்துக்கொண்டார். "வாங்க வாங்க, எடம் தாராளமா இருக்குது. உங்களுக்கு இல்லாத எடமா!"

"ஐயா, நீங்க ஏறுங்க" என்றேன் பெரியவரிடம். "அம்மா, நீங்களும்."

அவர்கள் இருக்கையைப் பார்க்கவில்லை. முதலில் பங்கஜம் அக்காவின் முகத்தைத்தான் பார்த்தார்கள். அப்புறம்தான் ஏறினார்கள். கீரை முறத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்த அம்மாள் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். பங்கஜம் அக்காவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. எங்கள் ஊர்ச் சிரிப்பு லேசில் மாறாது. கட்டைவிரல் மட்டும் கைப்பிடியில், அணைந்துபோன பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தது. கதவு மூடியது.

மீதி இருந்தவர்கள் அதற்குப் பின்னால் வந்த டப்பாக்களில் ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒருவர் ஏறும்போது உள்ளே ஏதோ முணுமுணுப்பு கேட்டது. என்னவென்று கேட்க நாங்கள் கிட்டே போகவில்லை. எல்லோரும் போன பிறகு போகலாம் என்று, பேசிக்கொள்ளாமலே இருவரும் நின்றோம்.

கைபேசி அடித்தது. இலக்கியா. ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், நேரத்துக்கு வந்துட்டனுங்க. புள்ள நல்லாக் குடிச்சுதுங்க. குடிச்சுட்டுத் தூங்குது." அவள் சிரிப்பது கேட்டது. "அப்புறம் மேடம், எனக்கு எடம் குடுத்தாரே ஒரு ஐயா, அவரை உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியும்" என்றேன்.

"அவரு துண்டை மறந்து விட்டுட்டுப் போயிட்டாருங்க. சட்டையெல்லாம் நனைஞ்சு கூச்சமா இருந்துச்சா, கேக்காம எடுத்துப் போத்திக்கிட்டனுங்க. பால் கறை ஆயிருச்சு. அவருகிட்டச் சொல்லிருங்க மேடம், தப்பா நெனச்சுக்க வேண்டாம்னு. நல்லாச் சோப்புப் போட்டு, சுடுதண்ணியில அலசித்தான் தருவனுங்க."

பூபதி காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, கீரைக்கார அம்மாள் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தார்.